ஒற்றை உயிருக்கு ஒரு சொல்

ஓர் இனத்தில் கடைசியாக மிஞ்சும் ஜீவனுக்கு ஆங்கிலம் வைத்த பெயர் ‘எண்ட்லிங்’. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அரிதாகவே தென்படும் இந்தச் சொல்லுக்கு மியூசியங்களில் மவுசு. இந்தியாவுக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது.

பெற்றோரை இழந்த பிள்ளை அனாதை. கணவனை இழந்தவள் விதவை. இழப்பின் ஒவ்வொரு வகைக்கும் மொழிகள் சொற்களைத் தயாராக வைத்திருக்கின்றன. ஆனால் தன் இனம் முழுவதையும் பறிகொடுத்துவிட்டு, உலகில் தன்னைப் போல் இன்னொன்று இல்லாமல் நிற்கும் உயிருக்கு என்ன பெயர்? 1996 வரை ஆங்கிலத்தில் அதற்கென்றே ஒரு சொல் இருக்கவில்லை.

அந்த ஆண்டு ஏப்ரலில் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் ஒரு சின்னக் கடிதம் வெளியானது. எழுதியவர்கள் ராபர்ட் வெப்ஸ்டர், புரூஸ் எரிக்ஸன். தன் பரம்பரையில் கடைசியாக எஞ்சியிருப்பவரைக் குறிக்க ஒரு சொல் தேவை என்பது அவர்களுடைய வாதம். அவர்கள் முன்வைத்த சொல்தான் எண்ட்லிங். விசித்திரம் என்னவென்றால், இந்தத் தேவை காட்டிலோ மிருகக்காட்சி சாலையிலோ எழவில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லம் ஒன்றில் எழுந்தது. தங்களோடு தங்கள் வம்சம் முடிந்துவிடுகிறது என்று எண்ணியபடி மரணத்தை எதிர்நோக்கியிருந்த முதியவர்களைக் குறிக்கத்தான் முதலில் சொல் தேடப்பட்டது.

மே மாதத்தில் அதே இதழில் பதில்கள் வந்தன. ‘எண்டர்’ என்றார் ஒருவர். ‘டெர்மினார்க்’ என்று கிரேக்க, லத்தீன் வாடையோடு இன்னொரு யோசனை வந்தது. ‘ரெலிக்ட்’ என்ற பழைய சொல்லே போதுமே என்றும் கேட்டார்கள். ஆங்கிலத்தில் அதற்கு விதவை என்று ஒரு பழைய பொருள் உண்டு. உயிரியலில், ஒரு காலத்தில் பரந்து வாழ்ந்து இப்போது ஒரு மூலையில் மட்டும் மிஞ்சியிருக்கும் கூட்டத்தைக் குறிக்கும். கூட்டத்துக்கு உரிய சொல் ஒற்றை உயிருக்குப் பொருந்தவில்லை. கடைசியில் நிலைத்தது எண்ட்லிங்தான்.

அந்தச் சொல்லின் வால் கவனிக்கத்தக்கது. ஆங்கிலத்தில் ‘லிங்’ என்று முடியும் சொற்கள் பெரும்பாலும் சிறியவை, இளையவை, பரிதாபத்துக்குரியவை. வாத்துக் குஞ்சு ‘டக்லிங்’. மரக்கன்று ‘சாப்லிங்’. கண்டெடுக்கப்பட்ட குழந்தை ‘ஃபவுண்ட்லிங்’. அந்த வரிசையில் எண்ட்லிங் வந்து நிற்கும்போது முடிவு என்ற கடுமையான வார்த்தைக்கு ஒரு குழந்தைத்தனம் வந்துவிடுகிறது. தமிழில் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘கடைக்குட்டி’ என்றுதான் வரும். ஆனால் தமிழ் வீடுகளில் கடைக்குட்டி என்பது செல்லம். நிறைந்த குடும்பத்தின் அடையாளம். ஆங்கிலக் கடைக்குட்டிக்கு அண்ணன் இல்லை, அக்கா இல்லை, வீடும் இல்லை.

புலிக்குக் கிடைத்த பெயர்ப்பலகை

இதழில் வந்த சொல்லை மக்கள் பார்வைக்குக் கொண்டுவந்தது ஆஸ்திரேலிய தேசிய மியூசியம். 2001-ல் கான்பெராவில் அது திறக்கப்பட்டபோது, டாஸ்மேனியப் புலி என்று அழைக்கப்பட்ட தைலசின் பற்றிய காட்சிப் பகுதியில் இந்தச் சொல்லும் அதன் பொருளும் இடம்பெற்றன. ஒரு விலங்கு அல்லது தாவர இனத்தில் உயிரோடு எஞ்சிய கடைசி ஒன்று என்பதே அங்கே தரப்பட்ட பொருள். முதியவர்களுக்காகப் பிறந்த சொல் அதன் பிறகு விலங்குகளுக்கே உரியதாகிவிட்டது. இசையமைப்பாளர் ஆண்ட்ரூ ஷுல்ட்ஸ் 2007-ல் அந்தப் பெயரில் ஓர் இசைப் படைப்பு எழுதினார். 2022-ல் அதே பெயரில் ஒரு வீடியோ கேம் வந்தது. அதன் நாயகி குட்டிகளைக் காப்பாற்ற அலையும் தாய் நரி.

சொல்லுக்கு முதல் உதாரணமாக தைலசின் அமைந்தது பொருத்தம்தான். முதுகில் வரிகளும் நாய் போன்ற முகமும் கொண்ட இந்த விலங்கு உண்மையில் கங்காருவைப் போல் வயிற்றில் பை உள்ள இனம். ஆடுகளைக் கொல்கிறது என்று குற்றம்சாட்டி டாஸ்மேனிய அரசு 1888 முதல் 1909 வரை தலைக்கு ஒரு பவுண்டு சன்மானம் கொடுத்தது. 2,184 முறை அந்தத் தொகை வழங்கப்பட்டதாகக் கணக்கு. 1936 ஜூலை 10 அன்று அதே அரசு தைலசினைப் பாதுகாக்கப்பட்ட விலங்காக அறிவித்தது. சரியாக 59 நாட்கள் கழித்து, செப்டம்பர் 7 இரவு, ஹோபார்ட் நகரின் பியூமரிஸ் மிருகக்காட்சி சாலையில் கடைசி தைலசின் செத்துப்போனது. அந்தத் தேதியைத்தான் ஆஸ்திரேலியா இப்போது அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் தினமாக அனுசரிக்கிறது.

அதன் பிறகு நடந்தது இன்னும் வேதனை. கடைசி விலங்கு ‘பெஞ்சமின்’ என்ற ஆண் என்று பல ஆண்டுகள் சொல்லப்பட்டு வந்தது. அதன் உடல் குப்பையில் வீசப்பட்டுவிட்டது என்றே நம்பினார்கள். 2022 டிசம்பரில் உண்மை வெளிவந்தது. கடைசி தைலசின் வயதான ஒரு பெண் விலங்கு. வேட்டைக்காரர் ஒருவர் 1936 மே மாதத்தில் விற்றது. தரையில் கண்ணி வைத்துப் பிடிப்பது சட்டவிரோதம் என்பதால் அந்த விற்பனை பதிவேட்டில் ஏறவில்லை. செத்த பிறகு டாஸ்மேனிய மியூசியத்துக்குப் போன உடல் முறையாகப் பட்டியலிடப்படவில்லை. தோல் பதப்படுத்தப்பட்டு, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் பொருளாக ஊர் ஊராகப் பயணம் செய்தது. அந்த இனத்தின் கடைசி உயிர் தங்கள் கையில்தான் இருக்கிறது என்பது மியூசியத்துக்கே 85 ஆண்டுகளுக்கு மேல் தெரியாது.

சாவுக்கு முன்பே வந்த சாவு

எண்ட்லிங்குகளில் மிகப் பிரபலமானது ஒரு புறா. அமெரிக்காவில் பாசஞ்சர் புறா என்ற இனம் 300 கோடி முதல் 500 கோடி வரை இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். கூட்டம் பறந்தால் வானம் மணிக்கணக்கில் இருண்டதாகக் குறிப்புகள் உண்டு. கூட்டம் எங்கே இறங்கியிருக்கிறது என்று தந்தி சொல்ல, வேட்டைக்காரர்கள் ரயிலேறிப் போனார்கள். அதே ரயிலில் இறைச்சி நகரங்களுக்கு வந்தது. 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையில் ‘மார்த்தா’ என்ற பெண் புறா இறந்தபோது அந்த இனம் முடிந்தது. உடலைப் பெரிய பனிக்கட்டிக்குள் உறையவைத்து வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். அதே மிருகக்காட்சி சாலையில் 1918 பிப்ரவரியில் ‘இன்காஸ்’ என்ற கிளி இறந்தது. அது கரோலினா கிளி இனத்தின் கடைசிப் பறவை.

ஆனால் பாசஞ்சர் புறாவின் கதை உண்மையில் 1914-ல் முடியவில்லை. அதற்கு வெகு முன்பே முடிந்துவிட்டது. லட்சக்கணக்கில் கூடி ஒரே காட்டில் கூடு கட்டிப் பழகிய பறவை அது. எண்ணிக்கை ஆயிரங்களுக்குச் சரிந்தபோதே அதன் வாழ்க்கை முறை உடைந்துவிட்டது. மார்த்தா கூண்டில் உட்கார்ந்திருந்த ஆண்டுகள் முழுவதும் இனம் செத்துத்தான் இருந்தது. அறிவியல் இதை ‘செயலளவில் அழிவு’ என்கிறது. உயிர் இருக்கும், எதிர்காலம் இருக்காது.

காலாபகோஸ் தீவுகளின் ‘லோன்சம் ஜார்ஜ்’ இதற்கு இன்னொரு சாட்சி. பின்டா தீவில் ஆமைகளே இல்லை என்று கருதப்பட்ட நிலையில், 1971-ல் நத்தைகளைத் தேடிப்போன ஹங்கேரிய விஞ்ஞானி ஜோசப் வாக்வோல்கி கண்ணில் அந்த ராட்சத ஆமை பட்டது. மறு ஆண்டு அது சான்டா குரூஸ் தீவில் உள்ள சார்லஸ் டார்வின் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தது. ஜோடி தேடி நாற்பது ஆண்டுகள் முயன்றார்கள். வேறு தீவுகளின் பெண் ஆமைகளைக் கூடவிட்டார்கள். முட்டைகள் கிடைத்தன, ஒன்றுகூடப் பொரியவில்லை. 2012 ஜூன் 24 காலையில், பல ஆண்டுகள் அதைக் கவனித்துவந்த ஃபாஸ்டோ யெரேனா அதை இறந்த நிலையில் கண்டார். ஆமை அப்போது ஈக்வடார் நாட்டின் செல்லப் பிள்ளையாகியிருந்தது. ஆனால் பின்டா தீவில் ஆமைகளைக் கொன்றவர்கள் பழைய காலத்துக் கப்பல்காரர்கள். பின்னாளில் அங்கே கொண்டுவந்து விடப்பட்ட ஆடுகள் ஆமைகளின் உணவான செடிகொடிகளைத் தின்று தீர்த்தன.

அமெரிக்காவின் அட்லாண்டா தாவரவியல் பூங்காவில் வாழ்ந்த ‘டஃபி’ என்ற மரத்தவளை பனாமாவிலிருந்து வந்தது. தவளைகளைக் கொல்லும் ஒரு பூஞ்சை நோய் அந்தக் காடுகளை நெருங்கிக்கொண்டிருந்தபோது, 2005-ல் அவசர அவசரமாகப் பிடித்துவரப்பட்ட தவளைகளில் ஒன்று அது. அந்த இனத்துக்கு விஞ்ஞானிகள் பெயர் வைத்ததே 2008-ல்தான். பெயர் கிடைத்து எட்டே ஆண்டுகளில், 2016 செப்டம்பர் 26 அன்று, டஃபி செத்தது. பல ஆண்டு மௌனத்துக்குப் பின் 2014 டிசம்பரில் அது ஒருமுறை கத்தியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆண் தவளை கத்துவது பெண்ணை அழைக்க. அழைப்பைக் கேட்கப் பெண் எங்கும் இல்லை.

எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

சொல் கவர்ச்சியானது என்பதால் கண்ட இடத்தில் எல்லாம் ஒட்டிவிடும் ஆபத்து உண்டு. கென்யாவின் ஓல் பெஜெடா சரணாலயத்தில் 2018 மார்ச்சில் இறந்த ‘சூடான்’ என்ற வடக்கு வெள்ளைக் காண்டாமிருகத்தைப் பலரும் எண்ட்லிங் என்று எழுதினார்கள். தவறு. அது கடைசி ஆண். அதன் மகள் நஜினும் பேத்தி ஃபாட்டுவும் அதற்குப் பிறகும் இருந்தன. இந்த நுணுக்கம் வெறும் இலக்கண விவகாரமல்ல. ஃபாட்டுவின் கருமுட்டையையும் செத்த ஆண்களிடமிருந்து எடுத்துச் சேமித்த விந்தையும் கொண்டு கருக்களை உருவாக்கி உறையவைத்து, தெற்கு இனத்துக் காண்டாமிருகத்தை வாடகைத் தாயாக்கும் முயற்சி நடக்கிறது. ‘எல்லாம் முடிந்தது’ என்று சொல்லிவிட்டால் இந்த முயற்சிக்கு இடமேது?

விஞ்ஞானம் இன்னொரு சிக்கலையும் கொண்டுவந்திருக்கிறது. ஸ்பெயினின் பிரனீஸ் மலைகளில் புகார்டோ என்ற காட்டு ஆட்டினத்தின் கடைசி உயிரான ‘சீலியா’ 2000 ஜனவரியில் மரம் விழுந்து செத்தது. முன்கூட்டியே எடுத்துவைத்திருந்த அதன் திசுவிலிருந்து 2003-ல் குளோனிங் முறையில் ஒரு குட்டி பிறந்தது. நுரையீரல் கோளாறால் சில நிமிடங்களில் மூச்சு நின்றது. அழிந்த ஓர் இனம் மீண்டும் வந்து மறுபடி அழிந்தது. அப்படியானால் அந்த இனத்தின் கடைசி உயிர் எது? சீலியாவா, அந்தக் குட்டியா?

தாவரங்களில் விஷயம் மேலும் குழம்புகிறது. தென்னாப்பிரிக்காவில் 1895-ல் ஜான் மெட்லி வுட் கண்டுபிடித்த ஒரு சைகஸ் வகை மரத்தில் ஒரே ஓர் ஆண் மரம்தான் காட்டில் கிடைத்தது. பெண் மரம் இதுவரை அகப்படவில்லை. ஆனால் பக்கக் கன்றுகளைப் பிரித்து நட்டதால் லண்டன் கியூ தோட்டம் உட்பட உலகின் பல தோட்டங்களில் அது நிற்கிறது. நூற்றுக்கணக்கான மரங்கள் இருந்தும் எல்லாம் அந்த ஒரே மரம்தான்.

மனிதர்களிடம் இந்தச் சொல்லைக் கொண்டுபோகக் கூடாது என்பதற்கு தைலசின் வாழ்ந்த டாஸ்மேனியாவே உதாரணம். 1876-ல் இறந்த ட்ருகனினி என்ற பூர்வகுடிப் பெண்ணை ‘கடைசி டாஸ்மேனியர்’ என்று வெள்ளையர்கள் அறிவித்தார்கள். அவரது எலும்புக்கூடு 1904 முதல் 1947 வரை மியூசியத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. 1976-ல்தான் எரியூட்டப்பட்டு சாம்பல் கடலில் தூவப்பட்டது. ஆனால் டாஸ்மேனியப் பூர்வகுடிகள் அற்றுப்போகவில்லை. அவர்களின் வம்சம் இன்றும் வாழ்கிறது. ‘கடைசி’ என்ற பட்டம் அவர்களுடைய உரிமைகளை இல்லையென்று சொல்லத்தான் பயன்பட்டது. 2010 ஜனவரியில் அந்தமானில் மூதாட்டி போவா இறந்தபோது ‘போ’ மொழி பேசிய கடைசிக் குரல் அடங்கியது. அது ஒரு மொழியின் முடிவு. மற்ற அந்தமானியர்கள் இருக்கிறார்கள்.

அவசரத் தீர்ப்பு

விஞ்ஞானிகள் இந்தச் சொல்லைத் தொடத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. ஒன்று கடைசியானது என்று நிரூபிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். காட்டில் இன்னொன்று ஒளிந்திருக்கலாம். கடைசி உயிர் இறந்துவிட்டது என்பதில் நியாயமான சந்தேகம் எதுவும் இல்லை என்றால் மட்டுமே ஓர் இனத்தை அழிந்ததாகக் கொள்ள வேண்டும் என்பது சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் விதி. அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பறவையியலாளர் நைஜல் காலர் 1998-ல் ஒரு பெயர் வைத்தார்: ‘ரோமியோ பிழை’. ஜூலியட் செத்துவிட்டாள் என்று நம்பி ரோமியோ உயிரை விட்டான். அவளோ உயிரோடு இருந்தாள். ஓர் இனம் அழிந்துவிட்டது என்று கைகழுவினால் பாதுகாப்பும் பணமும் நின்றுபோகும். மிஞ்சியிருப்பதும் அதனாலேயே அழியும்.

பொலிவியாவில் இதற்கு நேர்மாறாக நடந்தது. அங்கே கோச்சபாம்பா நகர மியூசியத்தின் தொட்டியில் ஒரு நீர்த்தவளை பத்து ஆண்டுகள் தனியாக இருந்தது. அதன் பெயரே ரோமியோ. செஹுயென்காஸ் என்ற அந்த இனத்தில் அதுதான் கடைசி என்று அஞ்சினார்கள். 2018 பிப்ரவரியில் ஜோடி தேடும் இன்டர்நெட் தளம் ஒன்றில் அதற்கு வரன் பக்கமே திறந்து நிதி திரட்டினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் தேடிப்போன குழுவுக்கு மேகக் காட்டு ஓடை ஒன்றில் ஜூலியட் உட்பட சில தவளைகள் கிடைத்தன. எண்ட்லிங் என்று முத்திரை குத்தி ஓய்ந்திருந்தால் அந்த ஓடைக்கு யாரும் போயிருக்க மாட்டார்கள்.

பெயரில்லாத இந்தியக் கடைசிகள்

இந்தியாவில் மார்த்தா இல்லை, லோன்சம் ஜார்ஜும் இல்லை. இங்கே எதுவும் அழியவில்லை என்று அதற்குப் பொருளல்ல. கூண்டில் அடைபட்டு, பெயர் பெற்று, சாகும் நாள் குறிக்கப்பட்ட உயிருக்குத்தான் எண்ட்லிங் பட்டம் கிடைக்கிறது. காட்டில் செத்த கடைசிகளுக்குச் சாட்சி இல்லை.

சிறுத்தையின் தம்பிபோல் தோன்றி வேகத்தில் அதை மிஞ்சும் சீட்டாவை எடுத்துக்கொள்ளலாம். 1947-ல் இன்றைய சத்தீஸ்கரில் உள்ள கொரியா சமஸ்தானத்தின் மகாராஜா ராமானுஜ் பிரதாப் சிங் தேவ் ஒரே இரவில் மூன்று ஆண் சீட்டாக்களைச் சுட்டார். இந்தியாவின் கடைசி சீட்டாக்கள் என்று பெரும்பாலும் சொல்லப்படுபவை அவை. 1952-ல் நாட்டில் அந்த விலங்கு அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அவற்றை எண்ட்லிங் என்று சொல்ல முடியாது. ஆசிய சீட்டா ஈரானில் தப்பிப் பிழைத்தது. ஒரு நாட்டில் அற்றுப்போவது வேறு, உலகிலேயே இல்லாமல் போவது வேறு. 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து வந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டில் இறங்கிய எட்டு சீட்டாக்கள் ஆப்பிரிக்க வகை.

ரோஜா நிறத் தலையும் கழுத்தும் கொண்ட வாத்து ஒன்று கங்கைச் சமவெளியின் சதுப்பு நிலங்களில் இருந்தது. 1935-ல் பீகாரின் தர்பங்கா பகுதியில் சுடப்பட்டதே இந்தியக் காட்டில் உறுதியான கடைசிப் பதிவு. இங்கிலாந்தில் ஆல்ஃப்ரெட் எஸ்ரா என்ற செல்வந்தர் தன் பண்ணையில் சிலவற்றை வளர்த்துவந்தார். அவையும் போயின. பட்டியலில் அது இன்னும் ‘அழிந்தது’ என்று எழுதப்படவில்லை. ‘மிக ஆபத்தான நிலை’ என்றே நீடிக்கிறது. மியான்மரின் எட்டாத சதுப்புகளில் இருக்கலாம் என்ற நம்பிக்கையில் தேடல்கள் நடந்திருக்கின்றன.

அடுத்து யார் என்ற கேள்விக்குத் தார்ப் பாலைவனத்தில் பதில் நடமாடுகிறது. கானமயில் என்று தமிழில் பெயர்பெற்ற கிரேட் இந்தியன் பஸ்டர்ட் 15 கிலோ வரை எடையுள்ள பறவை. பறக்கும் பறவைகளில் மிகக் கனமானவற்றுள் ஒன்று. பஞ்சாப் முதல் தமிழ்நாடு வரை புல்வெளிகளில் ஒரு காலத்தில் மேய்ந்தது. இதைத் தேசியப் பறவையாக்க வேண்டும் என்று விரும்பினார் சாலிம் அலி. 2018 வாக்கில் மிஞ்சியவை சுமார் 150 என்று மதிப்பிட்டார்கள், அவற்றில் பெரும்பாலானவை ராஜஸ்தானில். ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே குறுக்கிடும் மின்கம்பி தெரியாது. தெரிந்தாலும் அந்த எடையோடு சட்டென்று திரும்ப முடியாது. கம்பிகளைப் பூமிக்கடியில் பதிக்க வேண்டும் என்று 2021 ஏப்ரலில் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், சூரிய மின்சாரத்தின் தேவையையும் செலவையும் கருதி 2024 மார்ச்சில் அதைத் தளர்த்தி, நிபுணர் குழுவிடம் விஷயத்தை ஒப்படைத்தது.

குஜராத்தின் கட்ச் பகுதியில் நிலைமை இன்னும் மோசமானது. 2020 வாக்கில் அங்கே மிஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடிய பெட்டைகள் மட்டுமே. சேவல் ஒன்றுகூட இல்லை. மார்த்தாவின் கூண்டில் நடந்ததுதான் கட்ச் புல்வெளியில் திறந்த வானத்தின் கீழ் நடந்தது.

ஆனால் கானமயிலுக்கு மார்த்தாவுக்குக் கிடைக்காத ஒன்று கிடைத்திருக்கிறது: அவகாசம். ஜெய்சல்மேர் அருகே சாம் என்ற இடத்தில் 2019-ல் இந்திய வனவிலங்கு நிறுவனமும் ராஜஸ்தான் வனத்துறையும் இனப்பெருக்க மையம் ஒன்றைத் தொடங்கின. காட்டில் எடுத்த முட்டைகள் அங்கே இன்குபேட்டரில் பொரிக்கப்பட்டன. கூண்டில் வளர்ந்தவை பிறகு தாங்களே முட்டையிட்டன. 2024-ல் செயற்கைக் கருவூட்டல் மூலமும் ஒரு குஞ்சு பொரிந்தது. இந்தக் குஞ்சுகள் என்றைக்காவது திரும்பிப் போக புல்வெளி மிஞ்ச வேண்டும், அதன் குறுக்கே கம்பி இருக்கக் கூடாது.

எண்ட்லிங் என்ற சொல்லுக்கு அழிந்த உயிர்களால் பயன் ஒன்றும் இல்லை. எண்ணிக்கை ஒன்றாகும்வரை காத்திருந்தால் பெயர் சூட்டவும் பதப்படுத்தவும் மட்டுமே நேரம் இருக்கும் என்பதை தைலசின் காட்டிவிட்டது. அங்கே சட்டம் வந்தபோது மிஞ்சியிருந்தது 59 நாள். கானமயிலின் கணக்கில் நாட்கள் அதைவிட அதிகம். எவ்வளவு அதிகம் என்பதை அடுத்த சில ஆண்டுகளில் தார்ப் பாலைவனத்தில் எடுக்கப்படும் முடிவுகள் சொல்லும்.